இரண்டாம் கோல்கீப்பராக இருப்பது எப்படி: தருமபுரிப் பிள்ளைகளுக்கு ஒரு வழிகாட்டி

சேலத்தில் ஒரு போட்டிக்காகத் தருமபுரியிலிருந்து 18 பேர் கொண்ட கால்பந்து அணி புறப்பட்டால், அதில் இரண்டு கோல்கீப்பர்கள் இருப்பார்கள். அவர்களில் ஒருவன் ஊர் திரும்பும் வரை பெரும்பாலும் ஒரு நிமிடம்கூட ஆட மாட்டான். "வெயிலில் உட்கார்ந்துவிட்டு வருவதற்கு எதற்குப் பேருந்துச் செலவு?" என்று அவனுடைய அப்பா கேட்பார். மாவட்ட விளையாட்டரங்கத்தில் மாலை நேரங்களில் கோல்கீப்பர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் என்னிடம் இந்தக் கேள்வி ஆண்டுதோறும் வருகிறது. அது நியாயமான கேள்வி என்றே நான் நினைக்கிறேன். காத்திருப்பவனுக்கும் ஒரு கூலி வேண்டும். அது பணமாக இல்லாவிட்டால் பயிற்சியாகவாவது, ஆட்டமாகவாவது, கற்ற தொழிலாகவாவது கைக்கு வந்து சேர வேண்டும். அந்தக் கூலியைக் கேட்டு வாங்குவது எப்படி என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எடுத்துக்காட்டுகளை இங்கிலாந்திலிருந்து எடுப்பதற்குக் காரணம் உண்டு. அங்கே பிரீமியர் லீக்கில் 20, அதற்குக் கீழுள்ள மூன்று பிரிவுகளில் தலா 24 என்று மொத்தம் 92 கிளப்புகள் இருக்கின்றன; ஒவ்வொன்றும் இரண்டு அல்லது மூன்று கீப்பர்களைச் சம்பளத்துக்கு வைத்திருக்கிறது. ஆடாமல் ஆயத்தமாக இருப்பதே அங்கே ஒரு முழுநேரத் தொழில். அந்தத் தொழிலைச் சிலர் சிறப்பாகவும் சிலர் சுமாராகவும் செய்திருக்கிறார்கள், இரு சாராரிடமும் நாம் கற்றுக்கொள்ள வேண்டியது இருக்கிறது.

முதலில் கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள். பிரீமியர் லீக் ஆட்டத்தில் பெஞ்சில் 9 பேர் அமரலாம், அவர்களில் 5 பேரைக் களத்தில் இறக்கலாம். முன்களத்தில் ஆடுபவன் முதல் பதினொருவரில் இல்லாவிட்டாலும் கடைசி 20 நிமிடங்களையாவது எதிர்பார்க்கலாம். கீப்பருக்கு அந்த ஆறுதல் இல்லை. முதலாமவருக்குக் காயம், சிவப்பு அட்டை, பெனால்டி ஷூட்அவுட் ஆகியவற்றில் ஒன்று வந்தாலொழிய இரண்டாமவரின் கையுறைக்கு வேலை இல்லை. மற்ற இடங்களில் திறமை கூடக் கூட ஆடும் நேரமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடும். இங்கே பூஜ்யத்திலிருந்து நேராக 90 நிமிடங்களுக்குத் தாவ வேண்டியிருக்கிறது.

நீங்கள் எந்த வகை?

இரண்டாம் கீப்பர்கள் எல்லோரும் ஒரே வகையினர் அல்லர். இதில் தெளிவில்லாமல் பெஞ்சில் அமர்பவன் இலவு காத்த கிளியாகிவிடுவான் என்பதால், இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

ஒரு வகையினர் கோப்பை ஆட்டங்களுக்கான கீப்பர்கள். லீக் ஆட்டங்களில் முதலாமவர் நிற்பார். லீக் கோப்பை, எஃப்.ஏ. கோப்பை போன்றவற்றில் இரண்டாமவரை நிறுத்துவது அங்கே பல பயிற்சியாளர்களின் வழக்கம். லிவர்பூலில் அலிசனுக்குப் பின்னால் இருந்த கீவின் கெல்லஹர் இதற்கு நல்ல உதாரணம். 2022 பிப்ரவரி 27 அன்று செல்சிக்கு எதிரான லீக் கோப்பை இறுதியாட்டத்தில், அலிசன் நலமாக இருந்தபோதும், பயிற்சியாளர் கிளாப் கெல்லஹரையே நிறுத்தினார். 120 நிமிடங்களுக்குப் பிறகும் கோல் இல்லாமல் ஆட்டம் ஷூட்அவுட்டுக்குச் சென்றது. இரண்டு அணிகளிலும் பத்துப் பேரும் வரிசையாகக் கோல் அடித்துவிட, கடைசியில் கீப்பர்களே பந்தின் முன் நிற்க வேண்டியதாயிற்று. கெல்லஹர் அடித்தது வலைக்குள் போனது. ஷூட்அவுட்டுக்காகவே கடைசி நேரத்தில் இறக்கப்பட்டிருந்த செல்சி கீப்பர் கெபா அடித்தது கம்பத்துக்கு மேலே பறந்தது. 11-10 என்று லிவர்பூல் வென்றது. கெல்லஹர் சிறுவயதில் முன்களத்தில் ஆடியவர் என்பதையும் இங்கே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 2025-இல் அவர் பிரென்ட்ஃபோர்டுக்கு முதல் கீப்பராகவே சென்றார்.

இன்னொரு வகையினர், முதலிடம் வரும் என்று காத்திருக்கும் இளைஞர்கள். எமிலியானோ மார்டினெஸ் 2010-இல், 17 வயதில், அர்ஜென்டினாவிலிருந்து ஆர்சனலுக்கு வந்தார். அடுத்த பத்தாண்டுகளில் ஆக்ஸ்ஃபோர்டு, ஷெஃபீல்டு வென்ஸ்டே, ராதர்ஹாம், உல்வ்ஸ், ஸ்பெயினின் கெட்டாஃபே, ரீடிங் என்று ஆறு கிளப்புகளுக்குக் கடனாக, அதாவது சில காலம் ஆடிவிட்டுத் திரும்பும்படி, அனுப்பப்பட்டார். 2020 ஜூன் மாதம் பிரைட்டன் ஆட்டத்தில் முதல் கீப்பர் லெனோ காயமடைந்தபோதுதான் அவருக்குத் தொடர்ச்சியாக ஆட்டங்கள் கிடைத்தன. அந்த ஆகஸ்டில் எஃப்.ஏ. கோப்பையை வென்று, செப்டம்பரில் ஆஸ்டன் வில்லாவுக்கு முதல் கீப்பராகப் போனார். 2022-இல் உலகக் கோப்பையையும், அந்தப் போட்டியின் சிறந்த கீப்பருக்கான தங்கக் கையுறையையும் பெற்றார். இந்தக் கதையைச் சொல்லும்போது எல்லோரும் அந்தக் கடைசி இரண்டு ஆண்டுகளைத்தான் சொல்கிறார்கள். எனக்கு அந்த ஆறு ஊர்கள்தான் முக்கியமாகப் படுகின்றன.

மூன்றாம் வகையினர் ஆடும் எதிர்பார்ப்பைப் பெரும்பாலும் விட்டுவிட்ட மூத்தவர்கள். ஸ்காட் கார்சன் 2019-இல் மான்செஸ்டர் சிட்டிக்கு வந்து 2025 வரை இருந்தார். அத்தனை ஆண்டுகளில் அவர் ஆடியவை இரண்டே ஆட்டங்கள். 2005-இல் இஸ்தான்புல்லில் லிவர்பூல் சாம்பியன்ஸ் லீக்கை வென்றபோது அவர் பெஞ்சில் இருந்தார். 2023-இல் அதே ஊரில், அதே அரங்கத்தில் சிட்டி வென்றபோது மறுபடியும் ஆடாமலே வெற்றி அணியில் ஒருவராக இருந்தார். இப்படிப்பட்டவர்களுக்கு வேலை கிடைப்பதில் விதிக்கும் ஒரு பங்கு உண்டு. பிரீமியர் லீக் அணியின் 25 பேர் பட்டியலில், உள்நாட்டில் வளர்ந்தவர் என்ற தகுதி இல்லாதவர்கள் 17 பேருக்கு மேல் இருக்கக் கூடாது. அதனால் அனுபவமும் அமைதியும் உள்ள ஓர் ஆங்கிலேய மூன்றாம் கீப்பர், கிளப்புக்குக் கணக்கிலும் உதவுகிறார், பயிற்சியிலும் உதவுகிறார்.

உங்களுக்கு வயது 14, 15 என்றால் நீங்கள் இரண்டாம் வகை. உங்கள் பயிற்சியாளரை மெல்ல மெல்ல முதல் வகைக்குச் சம்மதிக்க வைப்பதுதான் உங்கள் வேலை. மூன்றாம் வகையாக இருக்க இங்கே யாரும் சம்பளம் கொடுப்பதில்லை. இதைப் பெற்றோருக்கும் வெளிப்படையாகச் சொல்லிவிடுவது நல்லது.

வாரநாட்களில்

பயிற்சியில் இரண்டாம் கீப்பருக்கு இரண்டு பொறுப்புகள் உண்டு: தன்னைத் தயார் செய்வது, முதலாமவரைத் தயார் செய்வது. இங்கிலாந்தின் பெரிய கிளப்புகளில் கீப்பர்கள் மூன்று நான்கு பேர் தனிக் குழுவாக, தமக்கென்று ஒரு பயிற்சியாளருடன் உழைக்கிறார்கள். ஒருவர் பிடிக்கும்போது மற்றவர் பந்து கொடுக்கிறார். பந்து கொடுப்பது சின்ன வேலை என்று நம் பிள்ளைகள் நினைக்கிறார்கள். ஆட்டத்துக்கு முந்தைய அரைமணி நேரத்தில் முதலாமவரின் கைக்கு எந்த வேகத்தில், எந்த உயரத்தில் பந்து போக வேண்டும் என்று தெரிந்து அடிப்பவன், தன் காலையும் கண்ணையும் சேர்த்தே பழக்கிக்கொள்கிறான். அந்த நேரத்தில் கம்பத்தின் மூலைக்கு ஓங்கி அடித்து முதலாமவரைத் திணறடித்துக் காட்டுவது வீரம் ஆகாது. அதை ஒரு முறை செய்த பையனை நான் அடுத்த ஆட்டத்துக்கு அழைத்துப் போகவில்லை.

நம் மண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் ஈரப் புல்லில் விழுகிறார்கள். நாம் சரளைக் கல் கலந்த செம்மண்ணில் விழுகிறோம். முழங்கையும் இடுப்பெலும்பும் முதலில் தரையைத் தொடும்படி விழுந்தால் மூன்று மாதத்தில் பயம் வந்துவிடும், பயம் வந்த கீப்பர் பந்துக்குக் காலை நீட்டத் தொடங்குவான். முழங்கால் கீழ்ப்பக்கம், தொடை, விலா, தோள் என்று வரிசையாகத் தரையைத் தொடும்படி, முதலில் மண்டியிட்ட நிலையிலும் பிறகு குந்திய நிலையிலும் கடைசியில் நின்ற நிலையிலும் பழக வேண்டும். விழும் பயிற்சியை அரங்கத்தில் புல் இருக்கும் ஓரத்திலோ, பள்ளியின் நீளந்தாண்டும் மணற்குழியிலோ வைத்துக்கொள்ளலாம். முழுக்கைச் சட்டையும் பஞ்சு வைத்த கால்சட்டையும் கட்டாயம். கையுறையைப் பயிற்சிக்கு ஒன்று, ஆட்டத்துக்கு ஒன்று என்று பிரித்துக்கொள்ளுங்கள். பயிற்சி முடிந்ததும் வெதுவெதுப்பான நீரில் அலசி நிழலில் உலர்த்த வேண்டும். மொட்டை மாடி வெயிலில் போட்டால் உள்ளங்கையில் இருக்கும் ரப்பர் வெடித்துவிடும்.

கோலின் அகலம் 7.32 மீட்டர், உயரம் 2.44 மீட்டர். செங்கல் வைத்து ஆடும் தெருவில் இந்த அளவு ஒருபோதும் வராது. எனவே வாரத்தில் ஒரு நாளாவது சரியான அளவுள்ள கோலில் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் ஆட்ட நாளில் எந்தக் கம்பம் எங்கே இருக்கிறது என்று முதுகுக்குத் தெரியாது. கூடவே, வாரத்துக்குப் பத்துப் பெனால்டிகளாவது நீங்களே அடித்துப் பழகுங்கள். கெல்லஹரின் கதையைச் சொன்னது இதற்காகத்தான்.

ஆட்ட நாளில்

என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். பல ஆண்டுகளுக்கு முன் பாலக்கோட்டில் ஒரு பொங்கல் போட்டியில் நான் இரண்டாம் கீப்பர். எப்படியும் ஆடப் போவதில்லை என்று இடைவேளைக்கு முன்பே மைதானத்துக்கு வெளியே போய், டீக்கடையில் மிளகாய் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தேன். எங்கள் முதலாமவருக்கு விரல் பிசகிவிட்டது. என்னைத் தேடிப் பிடித்து அழைத்து வந்தபோது என் கையில் எண்ணெய், வாயில் காரம், காலில் செருப்பு. முதலில் வந்த உயரப் பந்தே என் கையிலிருந்து வழுக்கிக் கோலுக்குள் போனது. கையுறைக்குள் இருந்த எண்ணெய்க்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று அன்று வாதாடினேன்.

அதன் பிறகுதான் நைஜல் ஸ்பிங்க்கின் கதையை அறிந்தேன். 1982 மே 26, ராட்டர்டாமில் ஐரோப்பியக் கோப்பை இறுதியாட்டம். ஆஸ்டன் வில்லாவுக்கு எதிரே பேயர்ன் மியூனிக். ஏறத்தாழ 10-ஆவது நிமிடத்தில் முதல் கீப்பர் ஜிம்மி ரிம்மர் வலியால் வெளியேறினார். அதற்கு முன் வில்லாவின் முதல் அணிக்கு ஒரே ஓர் ஆட்டம் ஆடியிருந்த ஸ்பிங்க் உள்ளே வந்து, மீதி ஆட்டம் முழுவதும் ஒரு கோலும் விடாமல் நின்றார். வில்லா 1-0 என்று வென்றது. 2006 அக்டோபர் 14 அன்று ரீடிங்கில் நடந்தது இன்னும் விசித்திரம். முதல் நிமிடத்திலேயே செல்சியின் முதல் கீப்பர் செக் மண்டையோட்டில் முறிவுடன் வெளியேற, இரண்டாமவர் குடிசினி வந்தார். ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில் அவரும் மோதி நினைவிழக்க, தற்காப்பு ஆட்டக்காரரான ஜான் டெர்ரி கையுறை மாட்டிக்கொண்டார். நான்கு நாட்கள் கழித்துப் பார்சிலோனாவை எதிர்த்து நின்றவர் மூன்றாம் கீப்பர் இலாரியோ. எனவே மூன்றாமவரும் டீக்கடைக்குப் போகக் கூடாது.

நடைமுறையில் செய்ய வேண்டியது இதுதான். ஆட்டத்துக்கு மூன்று மணி நேரம் முன்பே சாப்பாட்டை முடியுங்கள். களியும் கீரையும் நல்ல உணவுதான், ஆனால் மூன்று மணி ஆட்டத்துக்கு ஒரு மணிக்குக் களி உண்டால் நான்கு மணிக்குத்தான் தாவ முடியும். பெஞ்சில் அமரும்போதே பூட்ஸ், காலுறை, காலுக்கான தடுப்பு எல்லாம் அணிந்திருக்க வேண்டும். கையுறை மடியில் இருக்கட்டும். கால்மணிக்கு ஒரு முறை எழுந்து எல்லைக்கோட்டின் ஓரம் ஓடி உடம்பைச் சூடாக வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டத்தைப் பார்க்கும்போது பந்தை மட்டும் பார்க்காதீர்கள்: எதிரணியில் கார்னர் அடிப்பவர் எந்தக் காலால் அடிக்கிறார், பந்து கோலை நோக்கி வளைகிறதா விலகுகிறதா, காற்று எந்தப் பக்கம், இரண்டாம் பாதியில் மேற்குச் சூரியன் எந்தக் கோலில் நிற்பவரின் கண்ணில் விழும் என்பதையெல்லாம் மனத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். மார்ச், ஏப்ரல் மாத மாலைகளில் இந்தச் சூரியன் ஒன்றே இரண்டு கோலுக்குச் சமம்.

அழைப்பு வந்து உள்ளே போனதும் தற்காப்பில் இருப்பவர்களைப் பெயர் சொல்லி உரக்கக் கூப்பிடுங்கள். உங்கள் குரல் அவர்களுக்கு முதலில் பழக வேண்டும். முதல் பந்தில் வித்தை வேண்டாம். ஆனால் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நேரத்தைக் கடத்தவும் முடியாது; 2025-26 பருவம் முதல், கீப்பர் 8 விநாடிகளுக்கு மேல் பந்தைப் பிடித்திருந்தால் எதிரணிக்குக் கார்னர் கொடுக்கும் விதி வந்துவிட்டது.

தவறு நேரும். மேலே சொன்ன கார்சன், 2007 நவம்பர் 21 அன்று வெம்ப்ளியில் குரோயேஷியாவுக்கு எதிராகத் தம் முதல் சர்வதேசப் போட்டி ஆட்டத்தில் நிறுத்தப்பட்டார். 8-ஆவது நிமிடத்தில், நனைந்த தரையில் குதித்து வந்த கிரான்சாரின் பந்து அவர் கையிலிருந்து எகிறிக் கோலானது. இங்கிலாந்து 3-2 என்று தோற்று, யூரோ 2008-க்குத் தகுதி பெறவில்லை. அவருக்கு வயது 22. நான்கு சர்வதேச ஆட்டங்களுடன் அந்தக் கணக்கு முடிந்துவிட்டது. ஆனால் அதன் பிறகும் அவர் பல கிளப்புகளுக்குப் பல நூறு ஆட்டங்கள் ஆடினார். 2021 மே மாதம் நியூகாசிலுக்கு எதிராகச் சிட்டிக்காக முதன்முறை நின்றபோது ஒரு பெனால்டியைத் தடுத்தார். தட்டிய பந்து திரும்பி வந்து கோலானது வேறு விஷயம். தவறு செய்த பையனை வண்டியில் திரும்பும்போது யாரும் கேலி செய்யக் கூடாது என்பதை நான் அணியின் விதியாகவே வைத்திருக்கிறேன்.

முதலாமவரோடு எப்படிப் பழகுவது

அவர் உங்களைவிட மூத்தவர் என்றால் அண்ணன் என்றே அழைப்பீர்கள். அந்த உறவு உண்மையாகவே இருக்கட்டும். 1990 எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டம் 3-3 என்று சமனானதும், மறு ஆட்டத்தில் மான்செஸ்டர் யுனைடெட் தன் முதல் கீப்பர் ஜிம் லெய்ட்டனை நீக்கிவிட்டு, லூட்டனிலிருந்து கடனாக வந்திருந்த லெஸ் சீலியை நிறுத்தியது. யுனைடெட் 1-0 என்று வென்றது. சீலி தமக்குக் கிடைத்த பதக்கத்தை லெய்ட்டனிடம் கொடுக்க முன்வந்தார். முதலாமவர் தவறு செய்யும்போது பெஞ்சில் இருப்பவனின் முகத்தை எல்லோரும் பார்ப்பார்கள். அந்த முகத்தில் ஒரு மகிழ்ச்சி தெரிந்தால், மறுநாள் அவனுக்காக ஓட யாரும் இருக்க மாட்டார்கள்.

எப்போது விலக வேண்டும்

இதில் என் கருத்து கொஞ்சம் கடுமையானது. ரிச்சர்டு ரைட் 2012 முதல் 2016 வரை மான்செஸ்டர் சிட்டியில் இருந்து ஒரு போட்டி ஆட்டம்கூட ஆடவில்லை. நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் அதற்கு முன் பல ஆண்டுகள் ஆடியவர், அது அவருக்குச் சம்பளமுள்ள வேலை. உங்களுக்கு அது இல்லை. இரண்டு பருவங்கள் ஒரே அணியில் இருந்தும் குறைந்தது ஐந்து முழு ஆட்டங்கள்கூடக் கிடைக்கவில்லை என்றால், வேறு அணியைத் தேடுங்கள். ஐந்து என்ற எண்ணை நான் சும்மா எடுக்கவில்லை. பிரீமியர் லீக்கில் சாம்பியன் பதக்கத்துக்கு உரிமை பெற இப்போது ஐந்து ஆட்டங்கள் வேண்டும், முன்பு பத்து வேண்டியிருந்தது.

விலகுவது என்றால் சண்டை போட்டுக்கொண்டு போவது அல்ல. மார்டினெஸ் போன ஆறு ஊர்களைப் போல நமக்கும் ஊர்கள் உண்டு. கீப்பர் இல்லாத அணி எங்கும் இருக்கிறது. இங்கிலாந்தில்கூட, கீழ்ப்பிரிவு அணியில் கீப்பர்கள் எல்லோரும் காயமடைந்தால் ஏழு நாள் அவசரக் கடனாக ஒருவரை எடுத்துக்கொள்ள விதியே இருக்கிறது. அரூரிலோ பென்னாகரத்திலோ நடக்கும் எழுவர் போட்டிகளில் வேறு அணிக்கு நில்லுங்கள். அங்கே கோல் சிறியது, பந்து அதிகம் வரும், ஒரு நாளில் நான்கு ஆட்டங்கள் கிடைக்கும். ஓசூர்ப் பக்கம் இருப்பவர்களுக்குப் பெங்களூர் ஒரு மணிநேரப் பயணம்; அங்கே பல பிரிவுகளாக நடக்கும் மாவட்ட லீக்கின் கீழ்ப்பிரிவுகளில் கீப்பருக்கு எப்போதும் தேவை இருக்கிறது. போகும் முன் பதிவு விதிகளைக் கேட்டுக்கொள்ளுங்கள், ஒரே பருவத்தில் இரண்டு இடங்களில் பெயர் இருந்தால் தடை வரலாம்.

இங்கிலாந்துக்கே போக முடியுமா என்று ஒவ்வோர் ஆண்டும் ஒரு பையனாவது கேட்கிறான். 2009-இல் இந்திய அணியின் சுனில் சேத்ரிக்கே அங்குள்ள குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் கிளப்பில் சேர வேலை அனுமதி மறுக்கப்பட்டது. இந்தியாவின் ஃபிஃபா தரவரிசை போதவில்லை. குர்ப்ரீத் சிங் சந்து வேறு வழியில் போனார். 2014-இல் நார்வேயின் ஸ்டாபேக் கிளப்பில் இரண்டாமவராகச் சேர்ந்து காத்திருந்து, 2016-இல் யூரோப்பா லீக் தகுதிச் சுற்றில் ஆடினார். பிறகு இந்திய அணியின் முதல் கீப்பராக நீண்ட காலம் நின்றார்.

பெற்றோருக்கு ஒரு சின்னக் குறிப்பு: அணிப் பட்டியலில் பிள்ளையின் பெயரும் பிறந்த தேதியும் பிழையில்லாமல் இருக்கின்றனவா என்று புறப்படும் முன்பே பாருங்கள். ஆடாதவனுக்கும் பங்கேற்புச் சான்றிதழ் உரியது. கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு விண்ணப்பிக்கும்போதுதான் அதன் அருமை தெரியும். ஸ்டீவ் ஹார்ப்பர் நியூகாசிலில் 20 ஆண்டுகளில் பெரும்பகுதியை ஷே கிவனுக்குப் பின்னால் கழித்துவிட்டு, பிறகு அதே கிளப்பின் அகாதமியில் பொறுப்புக்கு வந்தார். நம் பையன்களிலும் பொறுமையாகப் பந்து கொடுத்துப் பழகியவர்கள்தான் பின்னாளில் நல்ல பயிற்சியாளர்கள் ஆகிறார்கள். 18 வயதானதும், பயிற்சியாளராவதற்கான டி லைசென்ஸ் பயிற்சிக்கு விண்ணப்பிக்கலாம்.

பயிற்சியாளர்களுக்கு ஒன்று. 2016 லீக் கோப்பை இறுதியாட்டத்தில் மான்செஸ்டர் சிட்டியின் பயிற்சியாளர் பெல்லெக்ரினி, முதல் கீப்பர் ஜோ ஹார்ட் இருக்கும்போதே இரண்டாமவர் கபயெரோவை நிறுத்தினார். கபயெரோ ஷூட்அவுட்டில் மூன்று பந்துகளைத் தடுத்துக் கோப்பையை வாங்கிக் கொடுத்தார். நீங்களும் இந்தப் பருவத்தில் இரண்டு ஆட்டங்களை இரண்டாமவனுக்கு என்று முன்கூட்டியே ஒதுக்குங்கள். எந்த ஆட்டங்கள் என்பதை மூன்று நாளுக்கு முன்பே, முதலாமவனும் கேட்கும்படி சொல்லுங்கள். அன்று பெஞ்சில் உட்காரும் முதலாமவன் பூட்ஸைக் கழற்றாமல் இருக்கிறானா என்று பாருங்கள்.